அவளை ஈனம்பண்ணவேண்டாம்: சேகர கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான குருவானவர்களுக்கும், தென்மாவட்டச் சபைகளின் சேகர கமிட்டி (பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்), சபை கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நவம்பர் பிறந்துவிட்டால் உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கீதபவனி எந்தத் தெருவில் தொடங்குவது, ஆலயத்துக்கு வெள்ளையடிக்க யாரைக் கூப்பிடுவது, சீரியல் செட் யாரிடம் எடுப்பது, கேக் எத்தனை கிலோ சொல்வது என்று ஒவ்வொரு கூட்டமும் ராத்திரி பத்து மணியைத் தாண்டும். அந்தக் கூட்டங்களில் ஒன்றில் ஒரு பட்டியலும் போடுவீர்கள். மேலே ‘ஏழைகள், விதவைகள்’ என்று எழுதி அடிக்கோடு இழுத்து, கீழே வரிசையாகப் பெயர்கள். தலைக்கு ஒரு சேலை, ஒரு அரிசிப் பை, பணம் மிஞ்சினால் ஒரு போர்வை. அந்தப் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஊரில் பிறந்தவள். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தேன். அந்தப் பட்டியலை என் கையால் எழுதியிருக்கிறேன், மைக்கில் வாசித்தும் இருக்கிறேன். ஆகையால் இதில் வருகிற குறை எதுவும் உங்களுடையது மட்டும் இல்லை, என்னுடையதும்தான்.

கொஞ்ச நாளைக்கு முன்னால், என்னிடம் படித்த ஒரு பையனின் வீட்டுக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். அப்பா இல்லாத வீடு. அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறார். பையன் காலேஜுக்குப் போய்க்கொண்டே சபையில் கீபோர்டு வாசித்துவந்தான். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையின் கடைசியில் ‘உதவி வழங்குதல்’ வந்தது. பாடகர் குழுவோடு அவன் உட்கார்ந்திருக்கிறான். மைக்கில் அவன் அம்மா பெயரைக் கூப்பிட்டார்கள். பெயருக்கு முன்னால் ‘ஏழை விதவை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தே கூப்பிட்டார்கள். அம்மா பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துவந்து ஆல்டர் படிக்குக் கீழே நின்றார். சேலையின் ஒரு பக்கத்தை அவரும், மறுபக்கத்தை நன்கொடை கொடுத்த குடும்பமும் பிடித்துக்கொள்ள, போட்டோ எடுத்தவர், “அம்மா, கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க” என்றார். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை நிற்கச் சொன்னார். மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. அவர் போய் உட்கார்ந்ததும் அடுத்த பாட்டுக்கு அவன்தான் சுதி கொடுக்க வேண்டும். கொடுத்தான்.

சாயங்காலம் சபை வாட்ஸ்ஆப் குழுவில் அந்தப் படம் வந்தது. அவனோடு காலேஜ் பஸ்ஸில் போகிற பிள்ளைகளும் அதே குழுவில் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் கோவிலுக்குப் போகவில்லை.

அம்மா அந்தச் சேலையைப் பிரிக்கவே இல்லை. கவரோடு பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். “நல்ல சேலைதான் டீச்சர். ஆனா உடுத்துனா எல்லாருக்கும் தெரியும்லா, இது எந்தச் சேலைன்னு” என்றார். பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே கலரில், ஒரே கரையில் எடுத்திருந்தார்கள். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று நானும் வருஷா வருஷம் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். அந்தக் கலர் ஊருக்குள் எத்தனை மாதம் பேசிக்கொண்டிருக்கும் என்பது எனக்கு அவர் வீட்டுத் திண்ணையில்தான் உறைத்தது.

வேதத்திலுள்ள ரூத்தின் கதையை நாம் அறுப்பின் பண்டிகைக்கு அறுப்பின் பண்டிகை கேட்கிறோம். விதவை, அயல்தேசத்துக்காரி, மாமியாருக்கும் தனக்கும் சாப்பாட்டுக்குக் கதிர் பொறுக்க வந்தவள். வயலின் சொந்தக்காரர் போவாஸ் நினைத்திருந்தால் வேலைக்காரர் எல்லார் முன்னாலும் ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் வேலைக்காரரை நோக்கி, அவள் அரிக்கட்டுகள் (கதிர்க்கட்டுகள்) நடுவே பொறுக்கிக்கொள்ளட்டும், ‘அவளை ஈனம்பண்ணவேண்டாம்’, அதாவது அவமானப்படுத்தவேண்டாம் என்றார். அதற்குப் பிறகுதான், அவளுக்காக அரிகளிலிருந்து கொஞ்சம் சிந்தவிடுங்கள் என்றார். வேண்டுமென்றே சிந்தவேண்டும், ஆனால் தானாகச் சிந்தியதுபோல இருக்கவேண்டும். அவள் சாயங்காலம் வரை குனிந்து பொறுக்கி, தட்டி அடித்து, தன் உழைப்பில் கிடைத்ததாகவே வீட்டுக்குக் கொண்டுபோனாள். வயலின் ஓரத்தை முழுசாக அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே என்ற லேவியராகமத்துச் சட்டத்திலும் இதே மரியாதை இருக்கிறது. ஓரத்துக் கதிரை யார் வந்து எடுப்பது என்று வயல்காரர் பட்டியல் போடுவதில்லை.

இதை நான் பிரசங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டுப் பின்வாசலில் பார்த்தேன். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். நாங்கள் மூன்று பிள்ளைகள். ஒரு மாதம் வரைக்கும் சொந்தக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் அவரவர் பாடு. அந்த நாட்களில் எங்கள் ஊர்ச் சபையைக் கவனித்துவந்த உபதேசியாரின் மனைவி விளக்கு வைத்த பிறகு பின்பக்கமாக வருவார். இடுப்பில் ஒரு நார்ப்பெட்டி இருக்கும். “அக்கா, எங்க வீட்டு அரிசி பூச்சி வைக்கப் பாக்கு. வீணாப் போயிரும். நீங்க கொஞ்சம் எடுத்துக்கிடுதியளா?” என்பார். அம்மா, “சரி, கொட்டிட்டுப் போங்க” என்பார்கள், அவருக்கு ஏதோ உபகாரம் செய்கிறமாதிரி. அடுத்த வாரம் அவர் வந்து, “எனக்கு ஒரு ஓலைப்பெட்டி முடைஞ்சு தரணும், உங்க கை மாதிரி வராது” என்று ஓலையையும் கொண்டுவந்து போடுவார். அம்மா ராத்திரி இருந்து முடைவார்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போவார்.

நான் டீச்சராகிச் சம்பளம் வாங்கின பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் காலத்து உபதேசியார் சம்பளத்தில் பூச்சி வைக்கிற அளவுக்கு அரிசி எப்படி மிஞ்சும்? அவர் வீட்டில் நான்கு பிள்ளைகள். எங்களுக்குக் கொட்டின அரிசி அவர்கள் உலையிலிருந்து குறைந்த அரிசி. அது தெரியும்வரை நாங்கள் தர்மம் வாங்கினோம் என்பதே எனக்குத் தெரியாது. அதே வருஷங்களில் எனக்கு வேறொரு இடத்தில் நோட்டும் பாவாடைத் துணியும் கிடைத்தன. தகப்பன் இல்லாத பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான், துணியும் நல்ல துணி. ஆனால் எழுந்து நின்றபோது என் கால் நடுங்கியது இத்தனை வயதிலும் அப்படியே இருக்கிறது.

கொடுக்கிறீர்கள், அதற்கு நன்றி. நம் சபைகளைப்போல வாரி வழங்குகிற இடம் குறைவு. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிற ஜனம் நாம். பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன பழக்கம் அது. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கத்தை ஆரம்பித்து, விசுவாசத்துக்காக வீடுவாசலை இழந்தவர்களுக்கு இடம் வாங்கிக் குடிவைத்தார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளை நாசரேத்தில் சேர்த்துக் காப்பாற்றிய மிஷனரி மர்காஷிஸ் ஐயர் கஞ்சி ஊற்றியதோடு நிற்கவில்லை. 1878-ல் தொழிற்பள்ளி தொடங்கி, பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க வழி செய்தார். கையேந்தின பிள்ளை நாளைக்குத் தன் கையால் சாப்பிடவேண்டும் என்று நினைத்தவர் அவர்.

அப்புறம் நம் கைப்பிடி அரிசி. உங்களில் பலருக்கு அம்மாவோ ஆச்சியோ அதை எடுத்துவைத்த பானை நினைவிருக்கும். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளித் தனியாக வைப்பது. ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு பையில் கொண்டுபோய்க் கோவிலில் இருக்கிற சாக்கில் கொட்டுவது. மிசோராம் சபைப் பெண்கள் இதே வழக்கத்தை 1910-லிருந்து நடத்தி, அந்த அரிசியை விற்ற பணத்தில் மிஷனரிகளை அனுப்பிவருகிறார்கள். நம் பெரியவர்களும் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பினார்கள்.

எனக்கு அந்தச் சாக்கைத்தான் உங்களுக்குக் காட்டவேண்டும். ஒரு வீட்டுப் பொன்னி, ஒரு வீட்டு இட்லி அரிசி, ஒரு வீட்டு ரேஷன் அரிசி, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். கையை விட்டுக் கிளறினால் எது யார் வீட்டு அரிசி என்று கொட்டினவர்களுக்கே தெரியாது. சாக்கின் மேல் ‘அன்பளிப்பு’ என்று யார் பெயரும் கிடையாது. எங்கள் அம்மா, பின்வாசலில் அரிசி வாங்கிய அதே வருஷங்களில், ஒரு வாரம் தவறாமல் கைப்பிடி அரிசி கொண்டுபோனார்கள். உபதேசியார் மனைவி கொட்டிய அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துத்தான் கொண்டுபோயிருப்பார்கள். கோவிலுக்குப் போகும்போது அம்மாவும் கொடுக்கிறவர்களில் ஒருத்தி. மைக்கில் பெயர் வாசித்து ஆல்டருக்குக் கீழே நிறுத்தும்போது அதைத்தான் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். அன்றைக்கு அந்தப் பெண் வாங்குகிறவள் மட்டுமே.

கமிட்டி என்றதும் எனக்கு அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் ஞாபகம் வரும். எருசலேம் சபையில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது கட்டடம் கட்டுவதற்கு இல்லை, தேர்தல் நடத்துவதற்கும் இல்லை. சாப்பாடு பகிர்வதில் ஒரு பிரிவு விதவைகளைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்ததால், அதைச் சரிசெய்யத்தான். பந்தி விசாரிக்கப் போட்ட முதல் கமிட்டியில், பின்னால் இரத்தசாட்சியாக மரித்த ஸ்தேவான் இருந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் மூலம் அது.

இதைப் பேச்சுவாக்கில் சொல்லும்போதெல்லாம் கமிட்டி அண்ணன்மார் என்னிடம் இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, கணக்குக் காட்டவேண்டும், இல்லையென்றால் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள் என்பது. நியாயம்தான். சபைப் பணத்துக்குக் கணக்கு வேண்டும், கண்டிப்பாக வேண்டும். அதற்குக் கையெழுத்து வாங்கின லெட்ஜர் இருக்கட்டும், ஆடிட்டர் பார்க்கட்டும். வருஷ அறிக்கையில் எத்தனை குடும்பம், எத்தனை ரூபாய் என்று போடுங்கள். கணக்குக்கு எண் போதும், முகம் வேண்டாம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கஷ்டமானது. பெயர் சொன்னால்தான் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் கொடுக்கமாட்டார்கள் என்பது. உண்மையாகவும் இருக்கலாம். ஃபேன் இறக்கையில் பெயர், பெஞ்சில் பெயர், டியூப் லைட்டில் பெயர் என்று பழகிப்போய்விட்டோம். ஃபேனில் எழுதுவதைப் பற்றி நான் சண்டை போடவில்லை, ஃபேனுக்கு மனசு இல்லை. ஆனால் ‘உனக்கு முன்பாகத் தாரை ஊதுவியாதே’ என்று ஆண்டவர் சொன்னது தர்மத்தைப் பற்றி. நம்முடைய தாரை மைக் செட். அதை ஊதினால்தான் ஒருவர் கொடுப்பார் என்றால், அவருடைய பணத்துக்கு வட்டியை அந்த விதவையின் முகத்திலிருந்து எடுத்துக் கட்டுகிறோம். அந்த நன்கொடை குறைந்தால் குறையட்டும். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்த ஆண்டவர், ஐசுவரியவான்கள் மிகுதியாய்ப் போட்டதை விட்டுவிட்டு இரண்டு காசு போட்ட விதவையைத்தானே சீஷர்களுக்குக் காட்டினார்?

போன வருஷம் எங்கள் சங்கத்தில் வேறு மாதிரி செய்துபார்த்தோம். பெரிய திட்டம் எல்லாம் இல்லை. இரண்டே இரண்டு பெண்கள், வாயைக் கட்டக்கூடியவர்கள், வீடு வீடாகப் போய் என்ன தேவை என்று கேட்டார்கள். கேட்டதில்தான் விஷயம் புரிந்தது. ஒருவர்கூடச் சேலை கேட்கவில்லை. ஒரு வீட்டில் காலேஜ் பீஸில் பாக்கி, ஆபீசிலேயே கட்டி ரசீதை வீட்டில் கொடுத்தோம். ஒரு பாட்டிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்துக்குக் காசில்லை. இன்னொருவருக்கு மருந்தும் வேண்டாம், பணமும் வேண்டாம், மாதம் ஒருதரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட வர ஒரு ஆள் வேண்டும். அதற்கு நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். மூன்று வீடுகளுக்கு மளிகைக் கடையில் பற்று ஏறிப்போய்க் கடைப்பக்கமே போகமுடியாமல் இருந்தது.

கடைக்கு நான் போனேன். அண்ணாச்சி நம் சபைக்காரர் இல்லை, நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்கமுடியாது. நீளமான பற்று நோட்டை எடுத்து மூன்று பக்கத்தையும் கூட்டினார். நான் பணத்தை எண்ணி வைத்தேன். அதில் இருநூறு ரூபாயை எடுத்துத் திரும்ப என் பக்கம் தள்ளி, “இதுல என் பங்கும் இருக்கட்டும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு மூன்று பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டார். அந்த வீட்டுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “யாரோ கட்டிட்டாங்கன்னு சொல்லுதேன். எனக்கு என்ன தெரியும்?” என்றார். அதில் ஒரு பெண் இரண்டு வாரம் கழித்துக் கைப்பிடி அரிசி கொண்டுவந்து சாக்கில் கொட்டுவதைப் பார்த்தேன். ரொம்ப நாளாக அவர் கொண்டுவராமல் இருந்தார். ஏன் கொண்டுவரவில்லை என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

சபை விருந்தான அசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்காரவேண்டும் என்றுதான் நம் முன்னோர்கள் அசனம் வைத்தார்கள். இப்போது முதல் பந்தி முக்கியஸ்தர்களுக்கு, ஷாமியானாவுக்குள் ஃபேன் காற்றில். கடைசிப் பந்தி இலை எடுத்த ஆட்களுக்கும், மைதானம் கூட்டினவர்களுக்கும், வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்கிறவர்களுக்கும். அவர்களுக்கு இலையில் விழுவது சாம்பாரும் கறியில்லாத குழம்பும். ‘இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?’ என்று பவுல் கொரிந்து சபையைக் கேட்டது இப்படியொரு சாப்பாட்டு விஷயத்தில்தான். வருகிற அசனத்தில் அவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்துக் கமிட்டியார் பரிமாறினால் என்ன? கறி எல்லாருக்கும் வந்துவிடும்.

நம்மைச் சுற்றி இருக்கிறவர்களைப் பார்த்தும் நாம் கற்றுக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 17-ம் தேதி பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று ராத்திரி திருச்செந்தூரிலிருந்து கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், அவர்களே ரோடு அறுந்து தனித்துக் கிடந்த நேரத்தில், வீடுகளிலிருந்த அரிசியைக் கொண்டுவந்து அம்மன் கோவிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். வந்தவர் எந்த ஊர், எந்த மதம் என்று கேட்டுக்கொண்டு யாரும் இலை போடவில்லை. நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் நெருங்குகிற வாரத்தில், நம் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பட்டியல் இருக்கட்டும், இரண்டு மூன்று பேர் கையில் மட்டும் இருக்கட்டும். கொடுக்கிற நாள் கிறிஸ்துமஸ் ஆராதனையாக இருக்கவேண்டாம், அதற்கு முந்தின வாரத்தில் ஒரு சாயங்காலம் போதும். சேலைதான் கொடுப்பதென்றால் ஆளுக்கொரு கலரில் எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ஏற்கெனவே வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட பழைய படங்களை இனியாவது யாரும் எடுத்துப் பரப்பவேண்டாம் என்று குருவானவர் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

கிறிஸ்துமஸ் நோட்டீஸ் இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகும். ஆராதனை ஒழுங்கில், ஆசீர்வாதத்துக்கு முந்தின வரியில், ‘ஏழைகளுக்கு உதவி வழங்குதல்’ என்று இருக்கும். பிரஸ்ஸுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரி,
பெண்கள் ஐக்கிய சங்கத்தின் முன்னாள் செயலாளர்